வீட்டைக் கழுவுவதற்கு முன்: வெள்ளக் காப்பீட்டில் கிளெய்ம் வாங்கும் வழி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. நனைந்த ஃபிரிட்ஜ் ஒன்றுக்கே அது காணாது. வெள்ளத்துக்கென்று தனி பாலிசி தேட வேண்டியதில்லை. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டிலேயே வெள்ளமும் புயலும் அடக்கம்.

காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும்போது மனை விலையைச் சேர்க்கக் கூடாது. கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பை, கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். 900 சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 19,80,000. கட்டடத்தோடு சாமான்களுக்கும் சேர்த்து எடுத்தால் அதில் 20 சதவீதம், அதாவது 3,96,000, சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். இப்படித் தானாகக் கிடைப்பதற்கு உச்சவரம்பு 10 லட்சம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க ஏரியாவைக் குறைத்துச் சொன்னால் கிளெய்ம் நேரத்தில் அதுவே வினையாகும். வீட்டுக் கடனோடு வங்கி போட்டுத் தந்த பாலிசி இருந்தால் பிரித்துப் படியுங்கள். கட்டடத்துக்கு மட்டும் எடுத்திருப்பார்கள், சாமான்கள் விட்டுப்போயிருக்கும்.

பலரும் சறுக்குவது தண்ணீர் வடிந்த முதல் நாளில்தான். சேற்றைப் பார்த்ததும் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை, அளவு டேப்பை வைத்து, ஒவ்வொரு அறையிலும் படம் எடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் தெரிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் தகவல் சொல்லி, கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

நனைந்த எந்தச் சாதனத்தையும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று பிளக்கில் சொருகவே கூடாது. உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சேதம் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. வெள்ளத்தால் கெட்டதா, நாம் போட்டதால் கெட்டதா என்ற வழக்கை நாமே கிளப்பக் கூடாது. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்து, பழுதின் காரணத்தையும் செலவையும் எழுதி வாங்குங்கள். ஊறிப்போன மெத்தை, பிளைவுட் அலமாரிகளை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை மாடியிலோ வராந்தாவிலோ வைத்திருங்கள். நாற்றம் தாங்காமல் வீசியே ஆக வேண்டுமானால், படத்தோடு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டு வீசுங்கள்.

சர்வேயர் வரும்போது வெள்ளத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று காட்டுங்கள். மழைக்காலம் முழுக்கச் சுவர் விரிசலில் கசிந்த ஈரம் வெள்ளச் சேதம் ஆகாது. பழைய ஓதத்தையும் புதுச் சேதத்தையும் கலந்து சொன்னால் இரண்டின் மீதும் சந்தேகம் விழும். கார், பைக் இதில் சேராது. அவற்றுக்கு மோட்டார் பாலிசிதான். இடிபாடுகளை அகற்றிய கூலிக்கும் ரசீது வைத்திருங்கள், அதற்கும் ஓரளவு பணம் உண்டு.

தொகையை வெட்டினால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தி தரவில்லையென்றாலும் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.