காமராஜர் பற்றி இணையத்தில் தேடும்போது

காமராஜர் என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் ஒரே கட்டுரையின் நகல்கள். பிழையும் சேர்ந்தே நகலாகியிருக்கும். பத்துத் தளங்களில் ஒரே வாக்கியம் இருந்தாலும் அது ஒரு சான்றுதான். அதில் விசேஷமான ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, எது பழையது என்று பாருங்கள். அங்கும் ஆதாரம் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

காமராஜர், காமராஜ், காமராசர், காமராஜ நாடார் என்று நான்கு விதமாகவும் தேட வேண்டும். 1969 ஜனவரி வரை மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். 'தமிழ்நாடு' என்று மட்டும் போட்டால் அவர் முதல்வராக இருந்த காலத்து ஆங்கில அரசு ஆவணங்கள் கண்ணில் படாமலே போகும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றில் தேடுபெட்டியை நம்பி உட்காரக் கூடாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை இரண்டும் யானைத் தும்பிக்கை போன்ற பழைய ஐகாரக் குறி வைத்தவை. ஸ்கேன் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் அங்கேதான் தடுக்கி விழும். 'சென்னை', 'தலைவர்' இரண்டுமே அகப்படாமல் போகலாம். அந்த எழுத்துகள் இல்லாத 'காமராஜ்', 'மந்திரி' போன்ற சொற்களைப் போடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். பெரியாரின் ஏடுகள் மட்டும் 1935 முதலே புதிய எழுத்தில் வந்தவை.

தேர்தல் விவரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளே முதல் இடம். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 1954 ஏப்ரலில் முதல்வரானபோது காமராஜர் சட்டமன்ற உறுப்பினர் அல்ல. 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போனவர். பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது. அதில் காணோம் என்பதால் குடியாத்தம் கட்டுக்கதை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த வாரத்து நாளிதழைத் தேடுங்கள்.

'அவர் கட்டிய அணைகள்' பட்டியலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். பணி தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு இரண்டையும் எழுதி, பக்கத்தில் அவர் முதல்வராக இருந்த 1954–63 என்ற காலத்தைப் போடுங்கள். கீழ்பவானி 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. முடித்த பெருமை அவர் ஆட்சிக்கு, தொடங்கியது முந்தைய ஆட்சி. 1959இல் திறந்த வைகை அணையை எந்தத் தயக்கமும் இல்லாமல் அவர் கணக்கில் வைக்கலாம். அவருக்கு இல்லாததை ஏற்றிச் சொன்னால் இருப்பதையும் சந்தேகிப்பார்கள், அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

கட்சி மலர்கள் அவரது நிலைப்பாட்டை அறிய உதவும், எண்ணிக்கைக்கு உதவாது. எதிர்க்கட்சி ஏடும் ஒப்புக்கொண்ட தகவல் என்றால் அதற்குப் பலம் அதிகம். தேதியும் இடமும் இல்லாத 'பொன்மொழி' படங்களை எடுக்கவே வேண்டாம். கிடைத்ததன் இதழ்ப் பெயர், தேதி, பக்க எண்ணைக் குறித்து, பக்கத்தையும் படமாகச் சேமித்துவிடுங்கள், இணைப்புகள் நிலைப்பதில்லை.