ரசம் கொதிப்பது காதில் கேட்கிறது

தலையில் அடிபட்டவர் வீடு திரும்பியதும் பார்க்க வருகிறவர்கள் மூன்றைத்தான் கவனிப்பார்கள். நடக்கிறாரா, பேசுகிறாரா, நம்மை அடையாளம் தெரிகிறதா. மூன்றிலும் நான் பாஸ். "ஒண்ணும் ஆகலை, பெரியவங்க புண்ணியம்" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். எனக்கு ஆனதெல்லாம் அந்த மூன்றுக்கும் வெளியே இருந்தது.

2022இல் நடந்தது இது. கும்பகோணத்தில் வீட்டிலேயே சமைத்து, மதியச் சாப்பாடு, விசேஷத்துக்குப் பலகாரம் என்று ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். கணவரோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனபோது வெள்ளைக்கோடு இல்லாத ஒரு வேகத்தடை தூக்கிப் போட்டது. பின்மண்டை ரோட்டில் அடிக்க விழுந்தேனாம். 108 வந்தது, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். சி.டி. ஸ்கேனில் பார்த்தால் அடி பின்னால், ரத்தக்கட்டு முன்னால். விழுந்த வேகத்தில் மூளை உள்ளேயே ஆடி எதிர்ப்பக்க எலும்பில் மோதுமாம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் அதிகம் அடிவாங்குமாம். ஆபரேஷன் தேவைப்படவில்லை. அரசு ஆஸ்பத்திரி என்பதால் செலவும் பெரிதில்லை. பக்கத்துக் கட்டில்காரரை முதலில் தனியாரில் சேர்த்திருந்தார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் அங்கே காசு கேட்காமல் பார்த்து அனுப்பினார்கள் என்று அவர் மனைவி சொன்னார்.

இதில் பாதி எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கண் விழித்துவிட்டேன், பேசினேன், இட்லி கேட்டேன், நர்ஸைத் திட்டினேன், தினமும் காலையில் "இது யார் வீடு?" என்று கேட்டேன் என்கிறாள் தங்கை. எதுவும் என்னிடம் இல்லை. நினைவு தப்பிப் படுத்திருப்பதுதான் பயங்கரம் என்று நினைக்கிறோம். ஆனால் டாக்டர் துருவித் துருவிக் கேட்டது வேறு: அடிபட்ட பிறகு எந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக ஞாபகம் இருக்கிறது? இந்த இடைவெளி ஒரு நாளைத் தாண்டினாலே காயம் தீவிரம் என்றுதான் கணக்கு. எனக்கு வாரக்கணக்கில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் காபி போட்டுக் கொடுத்தார். சூடாக, இனிப்பாக ஏதோ ஒன்று. காபித்தூள் மாறிவிட்டது என்று நினைத்தேன். அவர் பாவம், புதுசாக அரைத்து வாங்கி வந்து டிகாக்‌ஷன் இறக்கினார். அதுவும் அப்படியே இருந்தது. அப்புறம் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்தேன். ஒன்றுமே இல்லை.

மூக்கின் மேற்கூரை எலும்பு சல்லடை மாதிரி இருக்கும், அதன் ஓட்டைகள் வழியாகத்தான் வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் மூளைக்குப் போகின்றன, மூளை அசைகிற அசைவில் அவை அறுந்துவிடும் என்றார் காது மூக்கு தொண்டை டாக்டர். தலைக்காயத்தில் இது சகஜமாம். இவ்வளவு சகஜமானதை வார்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பது இன்றும் எனக்கு ஆற்றாமைதான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவே. மற்றதெல்லாம் மூக்கு செய்கிற வேலை. வத்தக்குழம்புக்கும் ரசத்துக்கும் எனக்கு வித்தியாசம் கெட்டியா தண்ணியா என்பது மட்டும்தான்.

சமையல்காரிக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ருசியைவிட எனக்குப் பயமாக இருந்தது கேஸ். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தையே சேர்க்கிறார்கள். எனக்கு அது சேர்க்காத மாதிரிதான். கசிவைக் கண்டுபிடித்து அலறும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினோம். எல்.பி.ஜி. கசிந்தால் மேலே பறந்து போகாது, காற்றைவிடக் கனமானது, தரையோரம்தான் தங்கும். அதனால் கருவியைக் கீழே மாட்ட வேண்டும். அவசர எண் 1906ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மருந்து என்று இதற்கு எதுவும் தரவில்லை, பயிற்சிதான் சொன்னார்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனசுக்குள் தேட வேண்டும், மாதக்கணக்கில். கிராம்பு கொஞ்சம் திரும்பியது. காபியும் திரும்பியது, ஆனால் கருகிய ரப்பர் வாசனையோடு. நரம்பு மீண்டு வரும்போது இப்படித் தப்பாகவும் வருமாம். டாக்டருக்கு அது நல்ல அறிகுறி. கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபி வேண்டாம் என்கிற பாவம் எனக்கு.

மூக்கைவிடச் சொல்லக் கஷ்டமானது இன்னொன்று. நாற்பது பேருக்குச் சாம்பார், கூட்டு, பொரியல் என்று மூன்று அடுப்பில் ஒரே நேரத்தில் ஓட்டியவள் நான். இப்போது குக்கர் விசில் அடிக்கும்போது போனும் அடித்தால் இரண்டும் போய்விடும், கையில் எதற்குக் கரண்டி என்றே தெரியாது. வேலையை வரிசைப்படுத்துவது நெற்றிப் பகுதி மூளையின் பொறுப்பாம். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சை தருகிற பெண் என்னை உப்புமா கிண்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். ரவையை வறுத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கிறவரை எதற்குக் காத்திருக்கிறேன் என்று மறந்து நின்றேன். அன்றிலிருந்து எல்லாம் சிலேட்டில். ஒரு நேரத்தில் ஒரு அடுப்பு. மிக்ஸி ஓடும்போது யாரும் என்னிடம் பேசக்கூடாது. காலை பதினோரு மணிக்குப் படுக்க வேண்டும், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். அசதி வந்த பிறகு படுத்தால் அந்த நாள் முழுக்கப் போச்சு, வருமுன் படுத்தால் சாயங்காலம் கையில் இருக்கும்.

கோபமும் வந்தது. உப்பு டப்பா இடம் மாறியதற்குத் தட்டை விட்டெறிகிற கோபம். வலிப்பு வராமல் இருக்க லெவெட்டிராசெட்டாம் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரையே சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும் என்று தங்கைதான் டாக்டரிடம் கேட்டு வந்தாள். நாமாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், அவரே பார்த்து மாற்றிக் கொடுத்தார். பாதிக் கோபம் மாத்திரையோடு போனது. மீதிப் பாதியோடு வீட்டார்தான் வாழ்கிறார்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் போனேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. மூளைக்காயம் தனி வகையாக இல்லை, வாசனை போனது எதிலும் இல்லை. சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதக் குறைபாட்டிலிருந்துதான். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். அங்கேயும் பாஸ், அதனால் சலுகைக்கு ஃபெயில்.

இப்போது பொடி வகைகளும் சின்ன ஆர்டர்களும் மட்டும். வறுபடுவதை நிறத்தில் பார்க்கிறேன், கடுகு அடங்குவதையும் ரசம் நுரை கட்டுவதையும் காதில் கேட்கிறேன். பால் திரிந்ததா, பருப்பு அடிப்பிடித்ததா, பொடி கமறுகிறதா என்று சொல்வது மாமியார். "நல்லா நடக்கிறாளே, அப்புறம் என்ன" என்று ஆரம்பத்தில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். போன மாதம் ஒருவர் நூறு பேர் வளைகாப்புக்கு விடாமல் கேட்டார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே மாமியார் போனை வாங்கி, "முப்பது பேருக்கு மேல அவளால முடியாதுங்க, தலையில அடிபட்டிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டு, சிலேட்டில் அடுத்த வரி என்ன என்று என்னைக் கேட்டார்.