லேப்டாப்பில் முடிந்தது, சர்வரில் முடியவில்லை

போன வருடம் எங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரை என்னிடம் விட்டு, கேன்டீன் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்ய ஒரு சின்ன வெப்சைட் வேண்டும், ஆறு வாரம் என்றார்கள். காலேஜ் முடித்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளைகள். வெப்சைட் எழுத உதவும் ரியாக்ட் தெரியும், எல்லோருடைய கோடையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் கிட்டில் புஷ் செய்யத் தெரியும். ஒரே ஃபைலில் மூன்று பேர் கை வைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் பார்த்ததில்லை.

வேலையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில், இரண்டு வார ஸ்பிரின்டாக (ஒரு கட்டத்துக்கு அந்தப் பெயர்) ஆரம்பித்தோம். தினமும் காலையில் ஸ்டேண்ட்-அப், அதாவது 15 நிமிடக் கூட்டம். ஆளுக்கு மூன்று கேள்வி. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதாவது உண்டா? ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள், வகுப்பில் அட்டெண்டன்ஸ் கொடுப்பது போல. முன்பதிவு நேரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் மூன்று நாளும் ஒரே பதில்தான் சொன்னாள்: "முடிஞ்ச மாதிரிதாங்க்கா, கொஞ்சம்தான் பாக்கி."

நான்காம் நாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலை 10 மணிக்கு முன்பதிவு மூடிவிட வேண்டும். அவள் லேப்டாப்பில் சரியாக மூடியது, சர்வரில் ஏற்றினால் மதியம் 3.30 வரை திறந்தே கிடந்தது. சர்வர் கடிகாரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடியது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அவ்வளவுதான் விஷயம், பத்து நிமிடத்தில் சரியானது. ஆனால் அது தன் தப்பு, கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள் என்று பயந்து மூன்று நாள் தனியாகவே போராடியிருக்கிறாள். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை, ஏனென்றால் அப்படிப் பயப்படும்படி அந்தக் கூட்டத்தை நடத்தியது நான்தான்.

ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டாக, முடிய முடிய வலப்பக்கம் நகரும் எங்கள் போர்டில் அன்று மாலையே எழுதினோம். முடிந்தது என்றால், எழுதிய கோடை (code) இன்னொருவர் படித்திருக்க வேண்டும், அது எல்லோருக்கும் பொதுவான மெயின் பிரதியில் மெர்ஜ் ஆகி டெஸ்ட் சர்வரில் ஓட வேண்டும், யாராவது போனில் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஸ்டேண்ட்-அப்பில் ஆளைக் கேட்பதை விட்டுவிட்டு, வலது ஓரத்துக் கார்டிலிருந்து ஆரம்பித்து 'இது நகர என்ன வேண்டும்?' என்று கேட்டோம். அந்த மூன்று கேள்விகளை ஸ்க்ரம் முறையின் கையேடான ஸ்க்ரம் கைடே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. ஸ்பிரின்டையும் ஒரு வாரமாகக் குறைத்தேன். புதியவர்களுக்கு இரண்டு வாரம் நீளம்தான், தப்பு வெளியே தெரிய அவ்வளவு நாள் ஆகக்கூடாது.

அப்புறம் பிளானிங் போக்கர்: ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு எண் கார்டைக் காட்ட வேண்டும், எண் பெரிதானால் வேலையும் பெரிது. ஆர்டரை ரத்து செய்யும் வேலைக்கு ஒருவன் 2 காட்டினான், இன்னொருவன் 13. பதின்மூன்றுக்காரனைப் பேசச் சொன்னேன். "காசைத் திருப்பித் தரணுமாக்கா? எத்தனை மணி வரைக்கும்?" என்றான். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எல்லோருமாக எழுந்து கேன்டீனுக்கே போய்விட்டோம். "பத்து மணிக்கு அரிசி களைஞ்சு போட்டுருவேனுங்க, அதுக்கப்புறம் வேண்டாம்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் கேன்டீன் அண்ணன். பத்து மணிக்குப் பின் ரத்து கிடையாது, அதனால் பணம் திருப்பும் கணக்கும் சுருங்கியது. அடுத்த சுற்றில் ஐந்து பேரும் 3 காட்டினார்கள். ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுக் கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையை 2001-இல் எழுதிய 17 பேர் வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொன்னார்கள் என்று பிள்ளைகளுக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது வாரம் வெப்சைட் ஓடியது. மாதாந்திர ரிப்போர்ட் மட்டும் முடியவில்லை, அதை முதல் நாளே கடைசி வரிசையில்தான் வைத்திருந்தோம். கேன்டீன் அண்ணன் அந்தக் கணக்கை இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். அந்தக் கார்டு இப்போது போர்டில் முதலாவதாக இருக்கிறது.