மகாலுக்கு டிக்கெட், பத்துத்தூணுக்கு இலவசம்

மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய்! "ஒன்வே எல்லாம் சுத்திப் போகணும்ணே" என்றார். ஒரு சுற்றும் சுற்றவில்லை. நான் போனை எடுப்பதற்குள் இறக்கிவிட்டார். இரண்டு நாளுக்கு ஆயிரத்தைந்நூறு என்று கணக்குப் போட்டு வந்தவனுக்கு அது மதியச் சாப்பாட்டுக் காசு.

எரிச்சல் எல்லாம் வாசலோடு சரி. உள்ளே வெட்டவெளி முற்றம், சுற்றிலும் தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், பாதிகூட எட்டவில்லை. சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு கன்னத்தில் சில்லென்று பட்டது. ஆனால் கைக்கெட்டும் உயரம் வரை அம்பு பாய்ந்த இதயமும் பெயர்களும்தான், சாவியால் கீறியது. அந்தக் காதலெல்லாம் உருப்பட்டிருக்காது.

1636-இல் கட்டியது. இன்று நிற்பது அதில் கால்வாசிதானாம். மீதியை வெள்ளைக்காரன் இடித்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, சொந்தப் பேரன்! தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர், தாத்தா கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்கிறார்கள். அப்புறம் கொஞ்ச காலம் பட்டாளம் தங்கியது. 1866-இல் சென்னை மாகாண கவர்னராக வந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க வைத்தார்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகான கதை. ராஜா கொலுவிருந்த இடம் கோர்ட்டாகிவிட்டது. 1970 வரை ஜில்லா கோர்ட் இங்கேதான். எங்கள் தாத்தா வரப்புத் தகராறு ஒன்றுக்காக இங்கே வாய்தா வாய்தாவாக நடந்திருக்கிறார். அப்பா சொல்லித்தான் தெரியும். இவ்வளவு பெரிய தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். தூண் நிழலில் பிரித்த புளிச்சோற்றையும் வக்கீல் பீஸையும்தான் புலம்புவாராம். ஆள் புழங்கிய கட்டடம் என்பதால்தான் இந்தக் கால்வாசியாவது தப்பியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தொல்லியல் துறை, டிக்கெட், செல்பி. சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சி உண்டு, 1981-லிருந்து நடக்கிறது. அதற்கு இருந்தால் கடைசி பஸ் போய்விடும், லாட்ஜ் வாடகை எவன் கொடுப்பான்? கிளம்பிவிட்டேன்.

விளக்குத்தூண் வரை நடந்து ஒரு ஜிகர்தண்டா. சொர்க்கம். இரண்டாவதும் குடித்தேன், பட்ஜெட் நாசம். அங்கேயே பக்கத்துச் சந்தில் பத்துத்தூண். இதுவும் அதே அரண்மனையின் மிச்சம்தான். கூரையில்லை, பூச்சில்லை, ஜவுளிக்கடைகளுக்கு நடுவே மொட்டைக் கல்லாகப் பத்துத் தூண்கள். ஒரு தூணில் கயிறு கட்டி நைட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணாந்து படம் எடுத்தேன். "அண்ணே, தூணை அப்புறம் பாக்கலாம், வீட்டுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். முந்நூற்றைம்பதில் ஆரம்பித்து இருநூறுக்கு இறங்கினார். வாங்கினேன்.

பஸ் நிலையத்துக்கு நடந்தேதான் போனேன்.