மெஷின் இல்லாமல் குழந்தைக்கு ஒரு கவுன்

3 வயதுக் குழந்தைக்கான அளவு: மார்புச் சுற்று 54 செ.மீ. கையில்லாத மேல்பகுதி, இடுப்பில் சுருக்கு வைத்த பாவாடை. 110 செ.மீ. அகலமுள்ள காட்டன் துணி 1 மீட்டர் போதும். நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்த பிறகுதான் கத்தரி. இதைத் தவிர்த்தால் முதல் துவைப்பிலேயே கவுன் சுருங்கி ஏறிவிடும்.

முதல் நாள், வெட்டு. 54 உடன் தளர்ச்சிக்கு 8 சேர்த்தால் 62. நான்கில் ஒரு பங்கு 15.5, தையலுக்கு 1.5 விட்டால் 17 செ.மீ. இரட்டையாக மடித்த துணியில் மேல்பகுதியின் அகலம் இதுதான். பாவாடைக்கு 65 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு. கழுத்துச் சுற்று 32 செ.மீ. வைத்தால் தலை நுழையாது. இந்த வயதில் தலைச் சுற்று 50 அளவில் இருக்கும். முதுகில் 12 செ.மீ. பிளவு விட்டால் இரண்டு ஓரமுமாக 24 கூடி 56 ஆகிறது. வெட்டிய கையோடு கழுத்திலும் கைக்குழியிலும் ஓரத்தை ஒட்டி ஓர் ஓட்டத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிப் போவது) போட்டுவிட வேண்டும். வளைவாக வெட்டிய துணி கையில் எடுத்து வைக்கும்போதே இழுபட்டுப் பெரிதாகும்.

இரண்டாம் நாள், தோளும் பக்கவாட்டும். 9-ஆம் நம்பர் ஊசி, ஒற்றை நூல், நீளம் 45 செ.மீ. அடிக்கடி கோக்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நீள நூல் முறுக்கேறி முடிச்சு விழும், அதைப் பிரிப்பதற்குள் இரண்டு முறை கோத்துவிடலாம். தோளில் பாரம் விழுவதால் பின் தையல், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை ஓர் அடி பின்னால் கொண்டுவந்து குத்துவது. பக்கவாட்டில் ஓட்டத் தையலே தாங்கும், பத்துத் தையலுக்கு ஒருமுறை ஒரு பின் தையல் சேர்த்தால். பிசிறு வெளியே தெரியாமலிருக்க பிரெஞ்ச் சீம்: துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க 6 மி.மீ.-இல் ஒரு தையல், ஓரத்தை 3 மி.மீ.-க்கு நறுக்கி, உள்பக்கமாகத் திருப்பி 9 மி.மீ.-இல் இன்னொன்று. நறுக்காமல் விட்ட இடத்தில் இழைகள் மீசை மாதிரி வெளியே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு பத்துத் தையலுக்கும் தையலை விரலால் நீவி விட வேண்டும். துணி சுருண்டால் நூல் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் சுருக்கு. இந்த கவுனில் சோதிக்கிற இடம் இதுதான். இரண்டு துண்டும் சேர்ந்த 130-இல் பக்கத் தையல் போக 124 செ.மீ. பாவாடை, மேல்பகுதியின் 62-க்குள் அடங்க வேண்டும். ஒரே நூலில் முழுச் சுற்றையும் இழுத்தால் கடைசி நிமிடத்தில் அறுந்து எல்லாம் பிரிந்துவிடும். அதனால் சுற்றை நான்கு பாகமாகக் குறித்து, பாகத்துக்கு ஒரு நூல். விளிம்பிலிருந்து 1 செ.மீ.-இல் ஒரு வரிசை, 2 செ.மீ.-இல் ஒரு வரிசை. இரண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரே வரிசை என்றால் மடிப்புகள் புரண்டு படுத்துக்கொள்ளும். நான்கு குறிகளையும் மேல்பகுதியின் நான்கு குறிகளோடு குண்டூசியால் பொருத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே 1.5 செ.மீ.-இல் பின் தையல். 3 மி.மீ. தையல் என்றால் கிட்டத்தட்ட 200 தையல். அவசரப்பட்டு 5 மி.மீ. ஆக்கினால் மடிப்புகள் இடைவெளியில் நழுவும். பிறகு கீழ் வரிசையை உருவிவிடலாம். இங்கே பிரெஞ்ச் சீம் வேண்டாம், தடித்துப்போய் இடுப்பில் உறுத்தும். விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைத்தால் போதும்.

பிளவு, கழுத்து, கைக்குழிக்கு 3 செ.மீ. அகலத்தில் கிராஸ் பீஸ், அதாவது துணியின் குறுக்கே சாய்வாக வெட்டிய பட்டை. முதலில் பிளவு, அதன் அடிமுனைதான் கிழியும், அங்கே ஒரே இடத்தில் மூன்று சின்னத் தையல். வளைவுகளில் பட்டையை லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். தளர விட்டால் கழுத்து உடம்போடு படியாமல் விரிந்து நிற்கும்.

அடி மடிப்பு 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. ஊசி முன்பக்கத் துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் தொட வேண்டும், 6 மி.மீ.-க்கு ஒருமுறை. இழுத்து இறுக்கினால் வெளியே குழி குழியாகத் தெரியும்.

பாக்கி இருப்பது பிளவின் மேல்முனைப் பட்டனும் நூல் வளையமும்தான். நான்கு இழையை வளைத்து நிறுத்தி அதன் மேல் காஜா தையல் (பட்டன் துளையின் ஓரத்தில் போடுகிற நெருக்கமான தையல்). வளையம் பட்டன் நுழையும் அளவுக்கு மேல் ஒரு நூல்கூட பெரிதாகக் கூடாது. நாளடைவில் அது இன்னும் தளரும்.