மீந்த வான்கோழியில் நூடுல்ஸ் சூப்

சூப்பின் உயிர் எலும்பில்தான் இருக்கிறது. சதையை உருவித் தனியே ஃப்ரிட்ஜில் வையுங்கள். எலும்புக்கூட்டை உடைத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு, 3 லிட்டர் குளிர்ந்த நீர், ஒரு வெங்காயம், ஒரு கேரட், 10 மிளகு சேருங்கள். 2 முதல் 3 மணி நேரம், குமிழ்கள் மெல்ல எழும் அளவுக்கு மட்டும் தீ. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு கலங்கிவிடும். உப்பு இப்போது வேண்டாம். வறுத்த கறியில் ஏற்கெனவே இருக்கிறது, நீர் வற்ற வற்றக் கரிப்பும் ஏறும்.

அது கொதிக்கட்டும், மாவைப் பிசையலாம். 200 கிராம் மைதா, 2 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, மூடி அரை மணி நேரம் விடுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது: ஓய்வில்லாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்ளும். 2 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாகத் தேய்த்து, மாவு தூவிச் சுருட்டி, நாடாக்களாக நறுக்கி உதறிவிடுங்கள்.

நூடுல்ஸைத் தனி உப்புநீரில் 3 அல்லது 4 நிமிடம் வேகவிடுவதே சரி. சூப்பிலேயே போட்டால் மாவு கரைந்து கூழாகும்.

சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து, புதிதாக நறுக்கிய கேரட், செலரியை அதில் வேகவையுங்கள். கறி கடைசியில்தான், ஏற்கெனவே வெந்தது, நெடுநேரம் கொதித்தால் நார்நாராகும். கொதிவந்ததும் உப்பு பார்த்து இறக்குங்கள்.

மிச்சத்தை எடுத்து வைக்கும்போது நூடுல்ஸ் தனி, சூப் தனி. சேர்த்து வைத்தால் காலையில் சாறே இருக்காது.