எதன் வோல்ட், எதன் ஆம்பியர்?

மின்தடை, மின்திறன் கணக்குகளுக்கு மனதில் இருக்க வேண்டியவை இரண்டே உறவுகள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் மின்திறன். இது தெரியாமல் மதிப்பெண் போவது அபூர்வம். எடுத்த வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே பொருளுக்கு உரியவைதானா என்று பார்க்காமல் எண்களைப் போடுவதால்தான் போகிறது.

முதலில் அலகு. 9 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்றால், அவசரத்தில் 9-ஐ 30-ஆல் வகுத்து 0.3 ஓம் என்று எழுதிவிடுவார்கள். 30 மில்லி ஆம்பியர் என்பது 0.03 ஆம்பியர். ஆக மின்தடை 300 ஓம், திறன் 0.27 வாட். ஒரு குறுக்கு வழியும் உண்டு: வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும், பெருக்கினால் மில்லி வாட்டில் வரும். 0.3 கிலோ ஓம், 270 மில்லி வாட். இரண்டு வழியிலும் போட்டு ஒத்துப் பாருங்கள். (செய்முறையில் இந்த 0.27-க்கு மதிப்பு அதிகம். கால் வாட் தாங்கும் மின்தடையத்தை அங்கே வைத்தால் அளவுக்கு மீறிச் சூடாகும். அரை வாட் வேண்டும்.)

இனி முக்கியமான இடம். 12 வோல்ட் மின்கலத்தோடு 4 ஓமும் 8 ஓமும் தொடரிணைப்பில் இருக்கின்றன. 4 ஓமில் செலவாகும் திறன் என்ன? மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கலாம் என்று 144 ÷ 4 = 36 வாட் எழுதினால் முழு மதிப்பெண்ணும் போச்சு. 12 வோல்ட் மின்கலத்துடையது, 4 ஓமுடையது அல்ல. மொத்த மின்தடை 12 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர், 4 ஓமின் குறுக்கே 4 வோல்ட், திறன் 4 வாட். 8 ஓமில் 8 வாட். கூட்டினால் 12 வாட்; மின்கலம் தருவதும் 12 × 1 = 12 வாட். இந்தக் கூட்டலை விடைத்தாள் ஓரத்தில் எப்போதும் போட்டுப் பாருங்கள். மின்கலமே 12 வாட் தரும்போது ஒரு மின்தடையம் மட்டும் 36 வாட் செலவிட முடியாது என்பது உடனே கண்ணில் படும்.

மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா? எது மாறாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடரிணைப்பில் மின்னோட்டம் பொது; அதன் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள், பெரிய மின்தடைக்கே அதிகத் திறன். பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொது; அதன் வர்க்கத்தை மின்தடையால் வகுங்கள், சிறிய மின்தடைக்கே அதிகத் திறன்.

240 வோல்ட்டுக்கான 40 வாட், 60 வாட் இழை பல்புகள் இரண்டைத் தொடராக 240 வோல்ட்டில் இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? பல்பில் அச்சிட்டிருக்கும் வாட், முழு 240 வோல்ட்டும் அதற்கே கிடைக்கும்போது மட்டும் பொருந்தும். அதிலிருந்து மின்தடையை எடுங்கள்: 40 வாட் பல்புக்கு 57600 ÷ 40 = 1440 ஓம்; 60 வாட் பல்புக்கு 960 ஓம். மொத்தம் 2400 ஓம், மின்னோட்டம் 0.1 ஆம்பியர். திறன் முறையே 14.4 வாட், 9.6 வாட். 40 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். மங்கி எரியும் இழையின் வெப்பம் குறைவு என்பதால் உண்மையான மின்தடையும் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே “மின்தடை மாறாது எனக் கொண்டால்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதே இனத்தில் இன்னொன்று: 240 வோல்ட்டில் 1000 வாட் தரும் சூடேற்றியை 120 வோல்ட்டில் போட்டால் 500 வாட் வராது. மின்னழுத்தம் பாதியானதும் மின்னோட்டமும் பாதியாகிறது, 250 வாட்தான்.

வரைபடக் கேள்வியில் அச்சுகளைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். மின்னழுத்தம் செங்குத்து அச்சில் இருந்தால் நேர்கோட்டின் சாய்வே மின்தடை. கிடை அச்சில் இருந்தால் சாய்வின் தலைகீழ். ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி வெப்பநிலை மாறாத உலோகக் கடத்திக்குப் பொருந்துவது. பல்பு இழைக்குக் கோடு வளையும். அங்கே ஒரு புள்ளியின் மின்தடை வேண்டுமென்றால் அந்தப் புள்ளியின் வோல்ட்டை அதன் ஆம்பியரால் வகுக்க வேண்டும். தொடுகோடு வரைந்து சாய்வு எடுத்தால் விடை தவறிவிடும்.

செய்முறைத் தேர்வில் அம்மீட்டர் தொடராக, வோல்ட்மீட்டர் மின்தடையத்துக்குப் பக்க இணைப்பாக. சாவியை மூடியதும் அம்மீட்டர் அசையாமல், வோல்ட்மீட்டர் கிட்டத்தட்ட மின்கலத்தின் முழு மின்னழுத்தத்தையும் காட்டினால், பெரும்பாலும் வோல்ட்மீட்டரைத் தொடராக இணைத்திருப்பீர்கள். அதன் மிகப் பெரிய மின்தடை மின்னோட்டத்தை அடைத்துவிடுகிறது. அம்மீட்டரைப் பக்க இணைப்பில் போடுவது இதைவிட ஆபத்து: அதன் மின்தடை மிகக் குறைவு, பெரும் மின்னோட்டம் பாய்ந்து கருவி பழுதாகும். சாவியை மூடும் முன் சுழிப்பிழையை (மின்னோட்டம் இல்லாதபோதே முள் சுழியிலிருந்து விலகி நிற்கும் அளவை) குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிறகு சாவியைத் திறந்துவிடுங்கள். கம்பி சூடேறினால் பிந்தைய அளவீடுகளில் மின்தடை மெல்ல ஏறிக்கொண்டே போகும்.